சூரியனைப் பார்க்க ஒரு கண்ணாடி: எதை நம்பி வாங்குவது?

(அமெச்சூர் வானியல் ஆர்வலர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் சொந்தமாகத் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சந்திரனின் குழிகள், வியாழனின் நான்கு நிலாக்கள், சனியின் வளையம் எல்லாம் பார்த்து முடித்தவர்கள். அதற்கப்புறம் சூரியன் மேல் ஆசை வருவது இயல்பு. 2024 மே மாதம் ஏஆர் 3664 என்று எண்ணிடப்பட்ட கரும்புள்ளிக் கூட்டம் வந்தபோது, தொலைநோக்கியே இல்லாமல் வெறும் கிரகணக் கண்ணாடி வழியாகவே அதைப் பார்க்க முடிந்தது. அந்த வருடம் அக்டோபரில், 25ஆவது சூரியச் சுழற்சி அதன் உச்சக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று நாசாவும் அமெரிக்காவின் நோவா அமைப்பும் அறிவித்தன. அதிலிருந்து "சார், எந்த சோலார் ஃபில்டர் வாங்கலாம்?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கேள்வி ஒன்றுதான். ஆனால் அதற்குள் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. இந்த ஃபில்டர் என் கண்ணைக் காப்பாற்றுமா என்பது ஒன்று. சூரியனை நன்றாகக் காட்டுமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை தேடும் வழி ஒன்றுக்கொன்று நேர் எதிரானது. பாதுகாப்பைப் பொறுத்தவரை உங்கள் கண்ணை நம்பக் கூடாது. யார் தயாரித்தார், எந்தத் தரத்துக்குச் சோதித்தார், எந்தக் கடை வழியாக வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். காட்சித் தரத்தைப் பொறுத்தவரை, பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பக் கூடாது. அங்கே உங்கள் கண்தான் நீதிபதி. நம்மில் பலர் இதை மாற்றிச் செய்கிறோம். "பார்த்தால் நல்ல கறுப்பாகத்தானே இருக்கிறது" என்று பாதுகாப்பைக் கண்ணால் தீர்மானிக்கிறோம். "0.5 ஆங்ஸ்ட்ராம் என்று போட்டிருக்கிறதே" என்று காட்சித் தரத்தைக் காகிதத்தை வைத்துத் தீர்மானிக்கிறோம். ஒன்றில் கண் போகும், மற்றொன்றில் காசு போகும்.

முதலில் கண். ஒரு சின்னக் கணக்கு போடலாம். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. பள்ளிக்கூடங்களில் அதிகம் இருக்கும் 70 மி.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி அதில் கிட்டத்தட்ட 4 வாட்டை உள்ளே வாங்குகிறது. 100 மி.மீ. என்றால் ஏறக்குறைய 8 வாட். 700 மி.மீ. குவியத் தூரம் உள்ள கருவியில் அந்த ஆற்றல் முழுவதும் சுமார் ஆறரை மி.மீ. அகலமுள்ள ஒரு வட்டத்தில் வந்து குவிகிறது. அந்த இடத்தில் காகிதத்தைக் காட்டினால் பற்றிக்கொள்ளும். விழித்திரையில் வலியை உணரும் நரம்பு கிடையாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சுடும்போது தெரியாது. சில மணி நேரம் கழித்துப் படிக்க உட்காரும்போதுதான் எழுத்துக்கு நடுவே ஒரு மங்கல் தெரியும்.

பழைய மலிவுத் தொலைநோக்கிப் பெட்டிகளில் ஒரு சின்னக் கரும்பச்சைக் கண்ணாடி வரும். ஓரத்தில் 'சன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதைக் கண்வில்லையின் அடியில் திருகி மாட்ட வேண்டும். நான் சொன்ன 4 வாட்டும் குவிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அது உட்கார்ந்திருக்கும். சில நிமிடத்தில் சூடேறி விரிசல் விடும். விரிசல் விடும் நேரத்தில் உங்கள் கண் அங்கே இருக்கும். இதில் நல்ல கம்பெனி, மட்டமான கம்பெனி என்ற பேச்சே கிடையாது. அந்த வடிவமைப்பே தவறு. வெள்ளொளியில் பார்ப்பதற்கான ஃபில்டர் தொலைநோக்கியின் முன்வாயில், வெளிச்சம் உள்ளே நுழைவதற்கு முன்னாலேயே இருக்க வேண்டும். இதற்கு முறையான விதிவிலக்கு ஹெர்ஷல் வெட்ஜ் என்ற பட்டகம். அது தன்மேல் விழும் ஒளியில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகவே கண் பக்கம் திருப்பி, மீதியைப் பின்னால் உள்ள வெப்பப் பொறிக்கு அனுப்பிவிடும். அதன் பிறகும் அடர்த்தியான ஒரு ஃபில்டர் வேண்டும். லென்ஸ் வைத்த தொலைநோக்கிக்கு மட்டும்தான் அதைப் பயன்படுத்தலாம். ஆடி வைத்தவற்றில் போட்டால் குவியும் வெப்பம் துணை ஆடியையும் அதன் தாங்கியையும் கெடுத்துவிடும்.

எக்ஸ்ரே ஃபிலிம், பழைய கேமரா ஃபிலிம் சுருள், சிடி, புகை படிந்த கண்ணாடி என்று நம் ஊரில் ஒவ்வொரு கிரகணத்துக்கும் ஏதாவது ஒன்று வெளியே வந்துவிடுகிறது. இவை ஏன் ஆபத்து? கறுப்பாகத் தெரிவது கண்ணுக்குத் தெரியும் ஒளி குறைந்திருப்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அகச்சிவப்பு எவ்வளவு உள்ளே வருகிறது, புற ஊதா எவ்வளவு வருகிறது என்று எந்தக் கண்ணும் சொல்லாது. வெளிச்சம் கூசவில்லை என்பதால் கண்மணி விரிந்துகொண்டு இன்னும் அதிகமாக உள்ளே விடுகிறது. இதைச் சோதிக்க நிறமாலைமானி வேண்டும். நம் வீட்டில் அது கிடையாது. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் காகிதத்தை நம்ப வேண்டியிருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கொடுத்தவரையும் சேர்த்தே நம்ப வேண்டியிருக்கிறது.

காகிதத்திலும் போலி உண்டு. கிரகணக் கண்ணாடிகளுக்கு ஐஎஸ்ஓ 12312-2 என்ற சர்வதேசத் தரம் 2015இல் வந்தது. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் வந்தபோது, அந்த எண்ணையே போலியாக அச்சடித்த கண்ணாடிகள் சந்தையில் குவிந்தன. எண்ணைப் பார்த்து வாங்குங்கள் என்று முதலில் சொன்ன அமெரிக்க வானியல் கழகம், பிறகு எண் மட்டும் போதாது, நம்பகமான தயாரிப்பாளர்களின் பட்டியலைப் பாருங்கள் என்று அறிவுரையை மாற்ற வேண்டியதாயிற்று. எங்கிருந்து வந்தது என்று உறுதிசெய்ய முடியாத கண்ணாடிகளை வாங்கியவர்களுக்கு அமேசான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அச்சடிக்க யாராலும் முடியும் என்பதால், அச்சடித்தவர் பெயரை விசாரிப்பது நம் வேலை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தரம் வெறும் கண்ணால் பார்ப்பதற்கு மட்டுமே. கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொலைநோக்கிக்குள் பார்த்தால், குவிந்த ஒளி அந்த ஃபிலிமைப் பொசுக்கிக்கொண்டு கண்ணுக்குள் போகும். இதைச் செய்ய முயன்ற படித்த பெரியவர்களையே நான் தடுத்திருக்கிறேன்.

சரி, வெள்ளொளிக்கு எதை வாங்குவது? ஜெர்மனியின் பாடர் நிறுவனம் விற்கும் ஆஸ்ட்ரோசோலார் ஃபிலிம் உலகம் முழுக்க அமெச்சூர்கள் பயன்படுத்துவது. ஏ4 அளவுத் தாளாகக் கிடைக்கிறது. அதில் இரண்டு வகை உண்டு, இதைக் கவனமாகக் கேளுங்கள். ஓடி 5 என்பது ஒளியை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். அது கண்ணுக்கு. ஓடி 3.8 என்பது அதைவிடக் கிட்டத்தட்ட 16 மடங்கு அதிக ஒளியை விடும். அது கேமராவுக்கு மட்டும். தாள்கள் பார்க்க ஒரே மாதிரி பளபளப்பாக இருக்கும். உறையிலிருந்து எடுத்து வெட்டிவிட்டால் எது எது என்று தெரியாது. வெட்டும் முன்பே சட்டத்தின் மேல் அழியாத மையால் எழுதிவிடுங்கள்.

இந்த ஃபிலிமில் சுருக்கம் இருந்தால் பதற வேண்டாம். சுருக்கம் காட்சியைக் கெடுக்காது. இழுத்து இறுக்கி ஒட்டுவதுதான் கெடுக்கும். கையால் சோதிக்க வேண்டியது ஊசித்துளை. இருட்டு அறையில் பிரகாசமான எல்இடி விளக்கு ஒன்றைப் போட்டு, ஃபிலிமை அதன் முன்னே பிடித்து, மெதுவாக ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர்த்துங்கள். நல்ல தாளில் விளக்கு மட்டும் மங்கிய புள்ளியாகத் தெரியும். கெட்டுப்போன தாளில் அதைச் சுற்றி இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கூர்மையான வெண்புள்ளிகள் மின்னும். மடிப்பு விழுந்த இடத்தில் பூச்சு கோடாக உரிந்திருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய உட்காராதீர்கள், வீசிவிடுங்கள். ஒரு தாளின் விலை உங்கள் கண்ணுக்கு ஈடாகாது.

கண்ணாடியில் பூச்சுப் போட்ட ஃபில்டர்கள் உழைக்கும், கீறலைத் தாங்கும். ஆனால் கண்ணாடியின் இரு பக்கமும் ஒளியியல் துல்லியத்துடன் இல்லாவிட்டால் கூர்மை போய்விடும். மலிவான கண்ணாடி ஃபில்டரைவிட நல்ல ஃபிலிம் கூர்மையாகக் காட்டும் என்பது என் முடிவு. எதுவானாலும் அது தொலைநோக்கியின் வாயில் இறுகப் பொருந்த வேண்டும். காற்று அடித்துத் தூக்கிவிட்டால் எந்தத் தரச் சான்றும் உதவாது. பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டுங்கள். மேலே இருக்கும் சின்னத் தேடுநோக்கியை மூடுங்கள் அல்லது கழற்றி எடுங்கள். கூட்டத்தில் குழந்தைகள் முதலில் கண் வைப்பது அதில்தான்.

கலிலியோ சூரியனைப் பார்த்துத்தான் பார்வை இழந்தார் என்று மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். அது சரியில்லை. 1612இல் கரும்புள்ளிகளை ஆராய்ந்தபோது, தன் மாணவர் காஸ்டெல்லி சொன்ன முறைப்படி பிம்பத்தைக் காகிதத்தில் விழச் செய்தே வரைந்தார். அவருக்குப் பார்வை போனது கால் நூற்றாண்டு கழித்து, முதுமையில். ஃபில்டர் வாங்க வசதி இல்லாத பள்ளிக்கு இன்றும் அந்த முறை போதும். கண்வில்லை மட்டும் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, உருகிவிடும்.

இனி எச்-ஆல்பா. இங்கேதான் பெரும் பணம் இருக்கிறது, ஏமாற்றமும் இருக்கிறது.

வெள்ளொளியில் நாம் பார்ப்பது ஒளிமண்டலத்தை. அதற்கு மேலே உள்ள நிறமண்டலத்தை, விளிம்பில் எழும் நெருப்பு நாக்குகளை, வட்டின் மேல் கறுத்த இழைகளாக ஓடும் ஃபிலமென்ட்டுகளைப் பார்க்க வேண்டுமானால், ஹைட்ரஜன் உமிழும் 6562.8 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவான அகலமுள்ள சன்னல் தேவை. அதைச் செய்வது எட்டலான். மார்செய் நகரில் சார்ல் ஃபாப்ரி, ஆல்ஃப்ரெட் பெரோ என்ற இரண்டு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் உருவாக்கிய அமைப்பு. ஒளியில் ஒரு பகுதியை மட்டும் ஊடுருவ விடும் இரண்டு தளங்கள் இணையாக நிற்கும். இடையே மிகச் சிறிய இடைவெளி. உள்ளே முன்னும் பின்னும் எதிரொளிக்கும் ஒளியில், இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளங்கள் மட்டும் வெளியே வரும். அவை ஒன்றல்ல, சீப்புப் பற்களைப் போல வரிசையாக வரும். நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நிறுத்த, பின்னால் ஒரு பிளாக்கிங் ஃபில்டர் இருக்கும்.

அந்த இடைவெளி எவ்வளவு தெரியுமா? சீப்பின் பற்கள் 10 ஆங்ஸ்ட்ராம் தள்ளித் தள்ளி இருக்க வேண்டுமானால், காற்று இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. சரி, அதில் எவ்வளவு பிசகலாம்? 0.7 ஆங்ஸ்ட்ராம் சன்னலில் பாதி அளவு நகர்ந்துவிட, அந்த இடைவெளி வெறும் 10 நானோமீட்டர் அளவு மாறினால் போதும். தலைமுடியின் தடிமனைப் பல ஆயிரமாகப் பிரித்தால் வரும் அளவு அது. தளத்தின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் வந்தாலே, சூரிய வட்டின் ஒரு பக்கம் எச்-ஆல்பாவில் தெரியும், மறுபக்கம் சப்பென்று இருக்கும். ஒரே தொழிற்சாலையில், ஒரே தொழிலாளி, ஒரே வாரத்தில் செய்த இரண்டு எட்டலான்கள் ஒரே மாதிரி இருக்காததற்குக் காரணம் இதுதான். இதில் தயாரிப்பாளரின் நேர்மையைச் சந்தேகிக்க வேண்டியதே இல்லை.

மைக்காவால் செய்த எட்டலான்களில் இது இன்னும் கூடுதல். அமெரிக்காவின் டேஸ்டார் நிறுவனம் கண்வில்லைப் பக்கம் செருகும் குவார்க் என்ற கருவியைக் கொண்டுவந்த பிறகு, இந்த வகை சாதாரண அமெச்சூர்களுக்கும் எட்டியது. மைக்கா பூமியில் கிடைக்கும் கனிமம். அதை ஏடு ஏடாகப் பிளந்து, சீரான தடிமன் உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்துப் பூச்சுப் போடுகிறார்கள். தஞ்சாவூரில் வீணை வாங்கப் போகிறவர் பட்டியலைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு வருவதில்லை. ஒவ்வொன்றையும் மீட்டிப் பார்க்கிறார், ஏனென்றால் ஒவ்வொரு பலாமரமும் வேறு. எட்டலானும் அப்படித்தான். நீங்கள் வாங்குவது ஒரு மாடலை அல்ல, உங்கள் கையில் வந்து சேரும் அந்த ஒரு துண்டை.

ஒரே மாடல் ஃபில்டர்கள் இரண்டை ஒரே காலையில், ஒரே தொலைநோக்கியில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். முதலாவதில் வட்டு முழுக்கச் சொரசொரப்பாக, கரும்புள்ளியைச் சுற்றிக் காந்தப் புலம் இழுத்த கோடுகள்கூடத் தெரிந்தன. ஒரு நீண்ட ஃபிலமென்ட் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து, கறுப்பாக இருந்தது அங்கே ஒளிரும் நாக்காக மாறியது. அதை அந்த ஃபில்டர் பிரித்துக் காட்டியபோது எனக்குப் பேச்சே வரவில்லை. இரண்டாவதைப் போட்டேன். வட்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அதே போல இருந்தது. மீதியில் வெறும் செந்நிறம். ஃபிலமென்ட்டை அந்தப் பக்கம் நகர்த்தினால் அது கரைந்து காணாமல் போயிற்று. இரண்டின் பெட்டியிலும் ஒரே எண்தான் அச்சாகியிருந்தது.

பெட்டியிலுள்ள எண்ணை ஏன் நம்ப முடிவதில்லை? 0.7 ஆங்ஸ்ட்ராம் என்பது சன்னலின் பாதி உயரத்தில் அளக்கும் அகலம். அந்தச் சன்னலுக்கு இருபுறமும் நீளும் கால்கள் எவ்வளவு தடிமன் என்று அது சொல்வதில்லை. அந்தக் கால்கள் வழியாக ஒளிமண்டலத்தின் வெளிச்சம் கசிந்தால், எண் நன்றாக இருந்தும் காட்சி வெளிறிப்போகும். இரண்டு எட்டலான்களை அடுத்தடுத்து வைக்கும் டபுள் ஸ்டாக் முறை இந்தக் கசிவைத்தான் முக்கியமாகக் குறைக்கிறது. அதோடு அந்த எண் எட்டலானின் எந்த இடத்தில் அளந்தது, நடுவில் ஒரு புள்ளியிலா, முழுப் பரப்பிலா? இதைக் கேளுங்கள். பதில் சொல்லும் விற்பனையாளர் நம்பத் தகுந்தவர்.

விற்பவர் காட்டும் படங்களையும் நம்பாதீர்கள். இன்றைய சூரியப் படம் என்பது ஆயிரக்கணக்கான வீடியோ ஃப்ரேம்களை அடுக்கி, கூர்மையேற்றி, வெளிச்ச வேறுபாட்டைச் சமன்செய்து, கடைசியில் ஆரஞ்சு வண்ணம் பூசியது. அதில் எடுத்தவரின் திறமை தெரியும், ஃபில்டரின் குறை தெரியாது. பழையதை வாங்குகிறீர்கள் என்றால் முழு வட்டும் தெரியும், எந்தத் திருத்தமும் செய்யாத ஒற்றை ஃப்ரேம் ஒன்றைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

ஆனால் ஃபில்டரைக் குறை சொல்வதற்கு முன் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். எட்டலானுக்குள் ஒளி கிட்டத்தட்ட இணையாகப் போக வேண்டும். சாய்ந்து போனால் அலைநீளம் நகரும். எஃப்/7 தொலைநோக்கியில் கண்வில்லைப் பக்க மைக்கா எட்டலான் வைக்க, எஃப்/30 அளவுக்குக் கற்றையை நீட்டும் டெலிசென்ட்ரிக் லென்ஸ் தேவை. குவார்க்கில் 4.3 மடங்கு லென்ஸ் உள்ளேயே இருப்பது அதற்காகத்தான். அதனால் உருப்பெருக்கம் எகிறிவிடும். நீளமான தொலைநோக்கியில் முழுச் சூரியனும் பார்வைக்குள் அடங்காது, காற்றின் கலக்கம் எல்லாவற்றையும் அழித்துவிடும். வெப்பத்தால் சரிசெய்யும் வகைக்கு 5 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர் நிலையாக வேண்டும். பழைய செல்போன் சார்ஜரில் போட்டுவிட்டு "ஒன்றுமே தெரியவில்லை" என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. நம் ஊர் வெயிலில் காற்று கொஞ்சம் நிதானமாக இருப்பது காலை ஏழிலிருந்து ஒன்பது வரைதான். பகல் பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடி கான்கிரீட் மேல் நின்று பார்த்துவிட்டு ஃபில்டரின் தரத்தை முடிவு செய்யாதீர்கள்.

ஃபில்டர் வந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டியது இதுதான். தெளிவான காலை ஒன்றில், முழு வட்டும் தெரியும் குறைந்த உருப்பெருக்கத்தில் ஆரம்பியுங்கள். ஒரு ஃபிலமென்ட்டையோ கரும்புள்ளிப் பகுதியையோ தேர்ந்தெடுத்து, அதைப் பார்வைப் புலத்தின் நான்கு ஓரத்துக்கும் நடுவுக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். எங்கே மங்குகிறது என்று காகிதத்தில் குறியுங்கள். பிறகு டியூனிங் திருகியை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை மெதுவாகத் திருப்புங்கள். காட்சி மங்கி, தெளிந்து, மறுபடி மங்க வேண்டும். தெளிவு ஒரு கடைசியிலேயே வந்து நின்றுவிட்டால், அந்த எட்டலான் தன் எல்லையில் ஓடுகிறது என்று பொருள். கோடை வெப்பத்தில் அது கை கொடுக்காது. இதை இரண்டு மூன்று காலைகளில் செய்துவிட்டு, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முடிவெடுங்கள்.

அடுத்து ஆயுள். எச்-ஆல்பா கருவியில் முதலில் போவது எட்டலான் அல்ல, கண் பக்கம் இருக்கும் மெல்லிய பூச்சு ஃபில்டர்கள். அவை ஈரத்தை உறிஞ்சும். கொரோனாடோ பிஎஸ்டி என்ற 40 மி.மீ. கருவி 2004இல் வந்தது. சூரியனை எச்-ஆல்பாவில் பார்ப்பதைச் சாதாரண மக்களுக்குக் கொண்டுசேர்த்த கருவி அது, அந்தப் பெருமை அதற்கு என்றும் உண்டு. பழைய பிஎஸ்டிகளில் உள்ளே இருக்கும் ஒரு ஃபில்டர் வருடங்கள் போகப் போகப் பூத்துப்போவது பலரும் அறிந்தது. கண்வில்லையைக் கழற்றிவிட்டு, டார்ச்சைச் சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். நன்றாக இருந்தால் வழவழப்பாக மின்னும். கெட்டிருந்தால் ஓரத்திலிருந்து பொரிப்பொரியாக வெளுத்துக்கொண்டு வரும். படம் மங்கும், மாறுபாடு போகும். மாற்றுத் துண்டு கிடைக்கிறது, ஆனால் அந்தச் செலவைக் கழித்துத்தான் பழைய கருவிக்கு விலை பேச வேண்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்புக் கவலை. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அது நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடுவது: இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இந்தக் கருவியைப் பிரித்து ஒரு ஃபில்டரைக் கழற்றிவிட்டு "வெளிச்சம் கூடுதலாக வருகிறது" என்று பார்க்காதீர்கள். எட்டலான் அலைநீளத்தைப் பிரிக்கிறது, அவ்வளவுதான். கண்ணைக் காப்பது முன்னும் பின்னும் உள்ள அந்த ஃபில்டர்களின் கூட்டணி.

உழைப்பு என்று வரும்போது கருவியின் உழைப்பை மட்டும் பார்த்தால் போதாது, கம்பெனி நிலைத்து நிற்குமா என்றும் பார்க்க வேண்டும். கொரோனாடோவை அரிசோனாவின் டூசான் நகரில் தொடங்கியவர் டேவிட் லண்ட். 2004இல் அதை மீட் நிறுவனம் வாங்கியது. 2005 தொடக்கத்தில் அவர் காலமானார். அவர் மகன் ஆண்டி லண்ட் 2008இல் லண்ட் சோலார் சிஸ்டம்ஸ் என்ற புது நிறுவனத்தைத் தொடங்கினார். மீட் 2013இல் சீனாவின் நிங்போ சன்னி கைக்குப் போனது, 2019 இறுதியில் திவால் மனு போட்டது, 2021இல் ஓரியன் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2024இல் ஓரியனும் மீட்டும் கதவை அடைத்தன. கொரோனாடோ கருவி வாங்கி வாரண்டி அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு அந்த அட்டை வெறும் காகிதமாயிற்று. கருவி மோசமில்லை, இன்றும் வேலை செய்கிறது. பழுதானால் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். ஆகவே உதிரிப்பாகம் வேறு யாரிடமாவது கிடைக்குமா, அளவுகள் பொதுவானவையா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் நமக்கு இன்னொரு பாரம் உண்டு. சுங்கவரி கட்டி வாங்கிய ஃபில்டர் சரியில்லை என்றால் திருப்பி அனுப்பும் கூரியர் செலவு நம்முடையது. பழுது பார்த்துத் திரும்பி வரும்போது, அது புதுச் சரக்கு அல்ல என்று காட்டும் ஆவணம் இல்லாவிட்டால் மறுபடி வரி கேட்பார்கள். சீரியல் எண் எழுதிய ரசீது, முதல் இறக்குமதிக் காகிதம், திருப்பி அனுப்பிய ஆவணம் மூன்றையும் ஒரே கவரில் வையுங்கள். இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தால், அனுப்புவதற்கு முன் நம் துண்டைச் சோதித்து, எடுத்த படத்தை அனுப்பிவைக்கும் விற்பனையாளருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவே அல்ல.

பணம் குறைவு, கணினி பழக்கம் உண்டு என்பவர்கள் முற்றிலும் வேறு வழியிலும் போகலாம். கொடைக்கானல் வான் ஆய்வகத்தில் 1909இல் ஜான் எவர்ஷெட் கரும்புள்ளியிலிருந்து வெளியே பாயும் வாயு ஓட்டத்தைக் கண்டுபிடித்தபோது அவரிடம் எட்டலான் கிடையாது. நிறமாலையைக் கொண்டுதான் கண்டார். அதே ஆய்வகத்தில் 1912 முதல் எச்-ஆல்பாவில் சூரியனைப் படமெடுத்ததும் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் கொண்டுதான். ஒரு மெல்லிய பிளவு வழியாகச் சூரியனை வருடி, நிறமாலையில் வேண்டிய கோட்டை மட்டும் எடுத்துப் படமாக அடுக்கும் கருவி அது. பிரான்சின் கிறிஸ்டியான் புயில் அதே கொள்கையில் சோல்எக்ஸ் என்ற சின்னக் கருவியை வடிவமைத்துத் தந்திருக்கிறார். முப்பரிமாண அச்சில் உடல், 10 மைக்ரான் பிளவு, மில்லிமீட்டருக்கு 2400 கோடுகள் கொண்ட கிரேட்டிங், ஒரு கேமரா. கண்ணால் நேரே பார்க்க முடியாது, படம்தான் கிடைக்கும். ஆனால் சாதாரண எட்டலான்களைவிடக் குறுகிய சன்னல் கிடைக்கும், வட்டின் ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் மங்கும் தொல்லை இல்லை, கால்சியம் கோட்டையும் அதே கருவியில் எடுக்கலாம். கல்லூரிகளுக்கு நான் எட்டலானைவிட இதைத்தான் பரிந்துரைப்பேன்.

என் தீர்ப்பைச் சொல்லி முடிக்கிறேன். முதல் வருடம் வெள்ளொளி ஃபிலிம் மட்டும் போதும். கரும்புள்ளிகள் எப்படிப் பிறந்து, கூட்டமாகி, கரைகின்றன என்று தினமும் வரைந்து பழகுங்கள். அந்த ஆசை குறையவில்லை என்றால் எச்-ஆல்பாவுக்குப் போங்கள். தனியாக வாங்க முடியாவிட்டால் நான்கு பேர் சேர்ந்து நல்லதாக ஒன்று வாங்குங்கள், ஆளுக்கொரு சுமாரானதை வாங்காதீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளியின் ஆய்வகப் பெட்டியில் அந்தக் கண்வில்லை ஃபில்டர் கிடந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லி அப்புறப்படுத்துங்கள். 2019 டிசம்பர் 26 அன்று கோவையிலும் திண்டுக்கல்லிலும் புதுக்கோட்டையிலும் வளையச் சூரியனைப் பார்த்தோம். அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21 அன்று தென் தமிழகத்தின் சில பகுதிகளில் தெரியப் போகிறது. அதற்கு முந்தைய வாரத்தில் கடைகளிலும் இணையத்திலும் விதவிதமான ஃபில்டர்கள் குவியும். அந்த வாரத்தில் எதையும் வாங்காதீர்கள். இப்போதே வாங்குங்கள், விளக்கொளியில் சோதியுங்கள், வெயிலில் பழகுங்கள்.